படத்தில் இருக்கும் பெண் எந்தச் சொல்? 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய உருவக ஓவியங்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

மேகத்தின் மேல் ஒரு பெண். உடம்பில் துணி இல்லை. கையில் சூரியனைப் பிடித்திருக்கிறாள், காலுக்கடியில் பூமிப்பந்து. பக்கத்தில் இறக்கை முளைத்த ஒரு கிழவர். இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் நம்மில் பலர் "நல்லா வரைஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம், அல்லது இது ஏதோ கிரேக்கப் புராணம், கதை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும் என்று நினைத்துக்கொள்வோம். கதையெல்லாம் ஒன்றுமில்லை. அந்தப் படம் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்: காலம் உண்மையை வெளியே கொண்டுவருகிறது. கிழவர் காலம், பெண் உண்மை. வெனிஸைச் சேர்ந்த ஜியாம்பத்திஸ்தா தியேப்போலோ இதே விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் வரைந்திருக்கிறார். ஒன்று இத்தாலியில் விச்சென்சா நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொன்று அமெரிக்காவில் பாஸ்டனில்.

இந்த மாதிரிப் படங்களுக்கு உருவக ஓவியம் என்று பெயர். இவற்றைப் பார்க்கும்போது "யார் இந்தப் பெண்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "எந்தச் சொல் இந்தப் பெண்?" என்று கேட்க வேண்டும். நான் சொல்லப்போகும் வழி முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

தலைப்பை மறையுங்கள், பட்டியல் போடுங்கள்

படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைக் கொஞ்ச நேரம் படிக்காதீர்கள். இந்தக் காலத்துப் படங்களில் பலவற்றுக்கு ஓவியர் பெயரே வைக்கவில்லை. பிற்பாடு விற்றவர்களும் பட்டியல் எழுதியவர்களும் வைத்த பெயர்தான் இன்று நாம் படிப்பது, அதில் தப்பும் உண்டு. ஒரு தாளை எடுத்து, படத்தில் இருக்கிற பொருள்களை மட்டும் எழுதுங்கள். கையில் என்ன, தலையில் என்ன, மடியில் என்ன, காலடியில் என்ன, என்ன விலங்கு, என்ன பறவை. அர்த்தம் எதுவும் எழுத வேண்டாம். "துயரமான பார்வை" என்று எழுதினால் அது உங்கள் முடிவு. "கண் மேலே பார்க்கிறது, வாய் சற்றுத் திறந்திருக்கிறது" என்று எழுதினால் அது படத்தில் இருப்பது.

காலடியையும் ஓரங்களையும் கட்டாயம் பாருங்கள். அடையாளப் பொருள்களை ஓவியர்கள் அங்கேதான் அதிகம் வைப்பார்கள். போஸ்டர் விற்கிற தளங்கள் படத்தின் ஓரத்தை வெட்டிவிடுகின்றன, அதனால் எப்போதும் அந்த ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் சொந்தத் தளத்துக்குப் போய்ப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இது உருவகம்தானா?

எல்லாப் பெண் படமும் உருவகம் ஆகிவிடாது. தலையைச் சுற்றி ஒளிவட்டம், அல்லது சித்திரவதைக் கருவி ஏதாவது பக்கத்தில் இருந்தால் புனிதராக இருக்கலாம். ஒரு சம்பவம் நடந்துகொண்டிருந்தால், யாரோ கடத்தப்படுகிறாள், யாரோ மரமாக மாறுகிறாள் என்றால், அது புராணம். முகத்தில் அந்த ஒருத்திக்கு மட்டுமே உரிய மூக்கும் மோவாயும் இருந்து, உடையும் அந்தக் காலத்து நாகரிகப்படி தைத்ததாக இருந்தால் அநேகமாக உருவப்படம், அதாவது நிஜமான ஒருவரைப் பார்த்து வரைந்த படம்.

உருவக ஓவியத்தில் உடை எந்தக் காலத்துக்கும் சேராது, தைக்காத துணியைச் சும்மா சுற்றிப் போட்டதுபோல இருக்கும். முகம் யாருடையதாகவும் இருக்காது. முக்கியமாக, நிஜ வாழ்க்கையில் ஒரே இடத்தில் சேரவே சேராத பொருள்கள் அமைதியாகச் சேர்ந்திருக்கும். வெறுங்காலோடு ஒரு பெண், கையில் தராசும் வாளும், பக்கத்தில் தீக்கோழி. இப்படி எங்காவது நடக்குமா? நடக்காது. அப்படியானால் அந்தப் பொருள்கள் பேச வந்திருக்கின்றன.

ஏன் எப்பவும் பெண்?

தமிழில் உண்மை, நீதி, அழகு, காலம் எல்லாமே அஃறிணை. 'உண்மை வென்றது' என்போம், 'உண்மை வென்றாள்' என்று சொல்ல மாட்டோம். தமிழ்த்தாய், பாரத மாதா போல ஒன்றிரண்டு உண்டே தவிர, சாதாரணமாக ஒரு பண்பை நாம் பெண்ணாக நினைப்பதில்லை. இத்தாலிய மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு, பண்புப் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். உண்மை 'வெரித்தா', பெண்பால். நீதி 'ஜுஸ்தீட்சியா', பெண்பால். அழகு 'பெல்லெட்சா', முதுமை 'வெக்கியாயா', இரண்டும் பெண்பால். ஆனால் காலம், 'தெம்போ', ஆண்பால். அதனால்தான் உண்மை பெண்ணாகவும் காலம் கிழவராகவும் வருகிறார்கள். இது லத்தீனிலிருந்து வந்த பழக்கம். ஓவியர்கள் ஏன் எப்போதும் பெண் உடம்பையே வரைந்தார்கள் என்பதற்கு, அந்தப் படங்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்ற காரணமும் நிச்சயம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இலக்கணத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் படம் திறந்துவிடும்.

இலக்கணம் சட்டமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நெருப்பு, 'ஃபுவோக்கோ', ஆண்பால் சொல். ஆனாலும் நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்களை (ஐரோப்பியர் கணக்கில் நான்குதான்) வரையும்போது ரொசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர் நெருப்பையும் பெண்ணாகத்தான் வரைந்தார், வரிசை ஒரே மாதிரி இருக்க வேண்டுமே.

பொருளைத் தனியாகப் படிக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'கண்ணாடி என்றால் தற்பெருமை' என்று எங்கோ ஒரு பட்டியலில் படித்திருப்பார்கள், அப்புறம் கண்ணாடி வருகிற இடமெல்லாம் தற்பெருமை என்று எழுதிவிடுவார்கள். கண்ணாடியும் பாம்பும் சேர்ந்து இருந்தால் அவள் விவேகம். கண்ணாடி, சீப்பு, நகை என்றால் தற்பெருமையாகவோ சிற்றின்பமாகவோ இருக்கலாம். கண்ணாடியைக் குட்டி மன்மதன் ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தால் வீனஸ், அதாவது உருவகமே இல்லை, தெய்வம்.

முகமூடியும் அப்படித்தான். தரையில் கழற்றிப் போட்ட முகமூடி என்றால் பெரும்பாலும் வஞ்சகம். அதே முகமூடி சிறியதாக, ஒரு பெண்ணின் கழுத்தில் தங்கச் சங்கிலியில் பதக்கமாகத் தொங்கினால் அவள் ஓவியக்கலை. கையில் தூரிகை இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கையில் வேல் மட்டும் இருந்தால் முருகன், வேலோடு சேவற்கொடியும் மயிலும் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று நாம் கோயிலில் பார்க்கிறோமே, அதே போலத்தான். ஒன்று பொருத்தம், இரண்டு நம்பிக்கை, மூன்று சேர்ந்தால் தைரியமாகச் சொல்லலாம்.

சிலவற்றை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: தராசும் வாளும் நீதி; தூண் அல்லது சிங்கம் மனவலிமை; நங்கூரம் நம்பிக்கையோடு காத்திருத்தல்; சிலுவையும் கிண்ணமும் சமய விசுவாசம்; பால் குடிக்கும் குழந்தையும் சுற்றிப் பிள்ளைகளும் அன்பு; ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் தன்னடக்கம். மணல் கடிகாரமும் நீண்ட பிடி போட்ட அரிவாளும் இறக்கையும் எங்கே வந்தாலும் காலம். இதற்கு மேல் வேண்டியதை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி ஓர் அகராதி நிஜமாகவே இருந்தது

பெயர் 'இகோனோலோஜியா'. எழுதியவர் செசாரே ரீப்பா, பெருஜியா ஊர்க்காரர், ரோமில் ஒரு கர்தினாலின் வீட்டில் விருந்து மேசையில் இறைச்சி அறுத்துப் பரிமாறும் பணியில் இருந்தவர். 1593ல் முதல் பதிப்பு படமில்லாமல் வந்தது, 1603ல் மரக்கட்டை அச்சுப் படங்களோடு வந்தது. அகர வரிசையில் ஒவ்வொரு பண்பாக எடுத்து, அதை வரைய வேண்டுமானால் என்ன வயது, என்ன உடை, கையில் என்ன, ஏன் என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஐரோப்பா முழுக்க ஓவியர்களின் பட்டறைகளில் இது புழங்கியது. 18ஆம் நூற்றாண்டிலும் அது செத்த புத்தகம் இல்லை. 1764 முதல் 1767 வரை பெருஜியாவிலேயே 5 தொகுதிகளாக விரித்துப் புதுப் பதிப்புப் போட்டார்கள். பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் படங்களைப் புரட்டலாம்.

அந்த 'ஏன்' தான் எனக்குப் பிடித்தது. உண்மை ஏன் நிர்வாணமாக இருக்கிறாள்? எளிமை அவளுக்கு இயல்பு, அலங்காரம் வேண்டாம். சூரியன் ஏன்? உண்மை வெளிச்சத்துக்குத் தோழி. பூமிப்பந்து ஏன் காலுக்கடியில்? உலகத்துப் பொருள் எல்லாவற்றையும்விட அவள் உயர்ந்தவள். கையில் பனையோலை எதற்கு? எவ்வளவு பாரம் வைத்தாலும் பனை வளைந்து கொடுக்காது என்று அன்று நம்பினார்கள், உண்மையும் அப்படி. ஆக நிர்வாணம் என்பது இங்கே ஒரு அடையாளப் பொருள், சூரியனைப் போல, பூமிப்பந்தைப் போல. 2008ல் ரோமில் இத்தாலியப் பிரதமர் அலுவலகத்துப் பத்திரிகையாளர் அறையில் தொங்கிய தியேப்போலோவின் 'காலம் வெளிப்படுத்தும் உண்மை' பிரதியில், பெண்ணின் மார்பு தொலைக்காட்சியில் தெரிகிறது என்று அதன்மேல் துணி வரைந்து மூடினார்கள். பெரிய விவாதம் ஆனது. மூல ஓவியம் விச்சென்சாவில் பத்திரமாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு அந்தச் செய்தி வருத்தம்தான். மூடிய உண்மை என்றால் அந்தப் படத்துக்கு அர்த்தமே போய்விடுகிறது.

இந்த அகராதியை வைத்துக்கொண்டு எல்லாப் படத்தையும் திறந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ரீப்பாவின் புத்தகத்தில் ஆசியாவின் பக்கத்தில் ஒட்டகம் இருக்கும், ஆப்பிரிக்கா யானைத் தலையைக் கிரீடம்போல அணிந்திருப்பாள். தியேப்போலோ ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அரண்மனைப் படிக்கட்டுக் கூரையில் 1752-53ல் நான்கு கண்டங்களையும் வரைந்தபோது ஆசியாவை யானை மேலும் ஆப்பிரிக்காவை ஒட்டகத்தின் மேலும் உட்காரவைத்தார். அகராதியை மட்டும் நம்பிப் போனவர் அங்கே இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார். அதே கூரையில் அமெரிக்கா இறகுக் கிரீடத்தோடு முதலை மேல் வருகிறாள், ஐரோப்பா மட்டும் கலைகள் சூழ அரியணையில் அமர்ந்திருக்கிறாள். மற்ற மூன்று பேருக்கும் விலங்கு, அவளுக்கு அரியணை. யார் பணம் கொடுத்து, யார் பார்க்க, யாரைப் பெரியவளாகக் காட்ட வரைந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஏட்டிலும் எழுத முடியாது. படம் அழகு என்பதற்காக இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இப்போது வினைச்சொல்லைத் தேடுங்கள்

பொருள்களைப் பார்த்துப் பெயர்ச்சொற்களைப் பிடித்துவிட்டோம். வாக்கியத்துக்கு வினை வேண்டுமே. அது கைகளில் இருக்கும். யார் யாரைத் தொடுகிறார்கள், யார் விரல் நீட்டுகிறார்கள், யார் விலகுகிறார்கள்.

இதைப் பழக நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே படம்: பொம்பேயோ பத்தோனி 1746ல் வரைந்தது, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பத்தோனி லூக்கா நகரத்துத் தட்டான் மகன், பிற்பாடு ரோமில் குடியேறி, அங்கே சுற்றுலா வந்த ஆங்கிலேயப் பிரபுக்களின் உருவப்படங்களுக்காகப் புகழ் பெற்றவர். இந்தப் படத்தில் மூன்றே பேர். இறக்கையும் மணல் கடிகாரமும் உள்ள கிழவர். ஒரு மூதாட்டி. ஓர் இளம்பெண். நிறுத்தி, கைகளை மட்டும் பாருங்கள். கிழவரின் விரல் இளம்பெண்ணைச் சுட்டுகிறது. மூதாட்டியின் கை அவள் முகத்தை நோக்கிப் போகிறது. அடிக்க ஓங்கிய கை மாதிரி இல்லை, முகத்தைத் தடவிப் பார்க்க வருகிற கை மாதிரிதான் இருக்கிறது, அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. காலம் கட்டளையிடுகிறது, முதுமை செய்கிறது, அழகு தாங்குகிறது. படத்தின் பெயரும் அதுவே: 'அழகை அழிக்கும்படி காலம் முதுமைக்குக் கட்டளையிடுகிறது'. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் கண்முன்னே. தெம்போ ஆண்பால், வெக்கியாயா பெண்பால், பெல்லெட்சா பெண்பால் என்று இலக்கணமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலம் தன் கையால் அழகைத் தொடவில்லை. ஏவிவிடுகிறது. முதுமை என்பவள் வேறு யாருமில்லை, முன்னொரு நாளில் அழகாக இருந்தவள்தானே. இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது ஒரே பெண்ணின் இரண்டு வயது என்று தோன்ற ஆரம்பிக்கும். இப்படித்தான் பத்தோனி நினைத்தார் என்று நான் சாதிக்க மாட்டேன், எனக்குப் பார்க்கும்போது தோன்றுவது இது.

ஜோடி இருக்கிறதா, எங்கே தொங்கியது?

பத்தோனியின் அந்தப் படம் தனியாக வரைந்தது இல்லை. லூக்காவைச் சேர்ந்த பர்த்தொலோமேயோ தலேந்தி என்ற சேகரிப்பாளருக்காக வரைந்தது, அதற்கு ஜோடியாக 'சிற்றின்பம்' என்ற படமும் உண்டு, அது இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில். ஒரே வீட்டில் சேர்ந்து இருந்திருக்க வேண்டிய இரண்டும் இன்று இரண்டு நாட்டில். இரண்டையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்பத்தில் திளைப்பவள் ஒருத்தி, காலத்தின் கையில் சிக்கியவள் ஒருத்தி. ஒரு படம் பேச ஆரம்பித்ததை இன்னொன்று முடிக்கிறது.

அதனால், ஒற்றைப் பெண் படம் எதைப் பார்த்தாலும் "இவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா?" என்று கேளுங்கள். கையில் மீன் வைத்திருக்கும் பெண்ணைத் தனியாகப் பார்த்தால் மீன்காரி. நான்கு பூதங்களின் வரிசையில் வைத்தால் தண்ணீர். பருவங்கள் நான்கு, பூதங்கள் நான்கு, கண்டங்கள் நான்கு, புலன்கள் ஐந்து. வரிசை தெரிந்தால் சொல் தானாக வரும். கூரையில் வரைந்ததா என்றும் பாருங்கள். அப்படியானால் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்காகக் கால் பெரிதாகவும் தலை சிறிதாகவும் இருக்கும், அது பிழை இல்லை. எந்த நிகழ்ச்சிக்காக என்பதும் உதவும். வெனிஸில் கா ரெட்சோனிக்கோ மாளிகையில் தியேப்போலோ வரைந்த ஒரு கூரை அந்த வீட்டுத் திருமணத்துக்காக. அங்கே வருகிற உருவங்களையெல்லாம் கல்யாண வாழ்த்தாகத்தான் படிக்க வேண்டும்.

கிளி வரும்போது நிதானம் தேவை

ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் தியேப்போலோவின் ஒரு சிறிய படம் உண்டு, 1760 வாக்கில் வரைந்தது. ஒரு இளம்பெண், தலையில் பூ, ஒரு மார்பு தெரிகிறது, கையில் பெரிய பஞ்சவர்ணக் கிளி. எனக்குத் தெரிந்து இந்த வகைப் படங்களில் மிகவும் பேசப்பட்டவற்றில் ஒன்று. கிளி என்றால் என்ன? ஐரோப்பிய ஓவியத்தில் கிளி கன்னி மரியாளின் பக்கத்திலும் வரும், ஏனென்றால் 'ஆவே' என்று வணக்கம் சொல்லப் பழகிய பறவை அது. அமெரிக்கக் கண்டத்தின் உருவகத்திலும் வரும். ஆடம்பரத்துக்கும் காமத்துக்கும் குறியாகவும் வரும். ரொசால்பா கரியேரா பாஸ்டல் என்ற வண்ணப்பொடிக் குச்சியால் வரைந்த ஒரு படம் சிகாகோவில் இருக்கிறது, அதில் கிளி தன் அலகால் பெண்ணின் மார்புத் துணியையே இழுக்கிறது.

அப்போ ஆக்ஸ்ஃபோர்டு பெண் எந்தச் சொல்? ரஷ்யப் பேரரசிக்காக அரையுருவப் பெண்கள் சிலரைத் தன் கற்பனைப்படி வரைந்துகொண்டிருப்பதாகத் தியேப்போலோ 1760ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தப் படம் அந்த வரிசையில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். கற்பனைப்படி என்று ஓவியரே சொல்லும்போது, நாம் பிடிவாதமாக ஒரு சொல்லை அவள் தலையில் கட்டக்கூடாது. ஒரே ஒரு அடையாளப் பொருள், ஜோடி இல்லை, எழுத்து ஆதாரம் இல்லை என்றால் "இவள் இன்பத்தையோ ஆடம்பரத்தையோ குறிக்கலாம்" என்று எழுதிவிட்டுக் கிளியின் சிவப்புக்கு எதிரில் அவள் தோலின் வெளுப்பு எப்படி நிற்கிறது என்று பார்க்கப் போய்விடுங்கள். அதுவும் படம் படிப்பதுதான்.

உருவப்படமும் உருவகமும் ஒன்றாக வரும்போது

இது கடைசி, கொஞ்சம் கடினமும்கூட. ரொசால்பா கரியேராவை மேலே இரண்டு முறை சொன்னேன். வெனிஸ்காரர். மூக்குப்பொடி டப்பிகளுக்குத் தந்தத்தில் குட்டிப் படம் வரைந்து தொடங்கி, பாஸ்டல் படங்களால் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். 1720ல் பாரிஸ் அரச ஓவியக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பருவங்களையும் பூதங்களையும் இளம்பெண்களாக வரைந்து வரைந்து விற்றார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஒரு காலத்தில் அவருடைய படைப்புகள் 150க்கு மேல் சேர்ந்திருந்தன.

அங்கே இருக்கிற ஒன்று, 1731 வாக்கில் வரைந்தது, அரை மீட்டர் உயரம்கூட இல்லை. குளிர்காலத்தின் உருவகம். மென்மயிர்த் தொப்பி, மென்மயிர் மேலாடை. நம் பட்டியல்படி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் முகத்தைப் பாருங்கள். அழகு என்றோ பொதுமுகம் என்றோ சொல்ல முடியாத, ஒருத்திக்கு மட்டும் சொந்தமான, வயதான முகம். உதடு இறுகியிருக்கிறது, பார்வை நம்மைத் தாண்டிப் போகவில்லை. அது ரொசால்பாவேதான். அப்போது அவருக்கு ஏறத்தாழ 58 வயது.

எத்தனையோ இளம்பெண்களை வசந்தம் என்றும் காற்று என்றும் வரைந்தவர், தனக்கென்று எடுத்துக்கொண்ட சொல் குளிர்காலம். பட்டியல் போட்டு, சொல்லைக் கண்டுபிடித்து முடித்த பிறகும் இந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் இருங்கள். மயிர்த் தொப்பியின் ஓரத்தில் நரைத்த முடி எங்கே முடிகிறது, வெள்ளை மயிர் எங்கே தொடங்குகிறது என்று பெரிதாக்கித் தேடிப் பாருங்கள்.